புது டிவியில் சினிமா ஏன் சீரியல் மாதிரி தெரிகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது. ஒருவர் பெரிய 4கே டிவி வாங்கியிருக்கிறார். பலமுறை பார்த்து ரசித்த ஒரு படத்தை அதில் போட்டிருக்கிறார். எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, ஆனால் படம் பார்க்கிற உணர்வே வரவில்லையாம். நடிகர்கள் ஏதோ ஒரு செட்டில் நின்று வசனம் ஒப்பிப்பது போல, டிவி சீரியல் மாதிரி இருக்கிறதாம். துல்லியம் கூடினால் படம் இன்னும் நன்றாகத்தானே தெரிய வேண்டும்? இது எச்டியால் வருகிறதா, ஃபிரேம் ரேட்டால் வருகிறதா, பழகினால் சரியாகிவிடுமா என்று கேட்கிறார்.

முதலில் கைவைத்தியம் சொல்லிவிடுகிறேன். ரிமோட்டை எடுத்து பிக்சர் செட்டிங்ஸுக்குள் போங்கள். அசைவு சம்பந்தமாக ஒரு பகுதி இருக்கும். சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்' அல்லது 'பிக்சர் கிளாரிட்டி', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', எல்ஜியில் 'ட்ரூமோஷன்' என்று அதற்குப் பெயர். அதை அணைத்துவிட்டு அதே காட்சியை மறுபடி ஓடவிடுங்கள். என் அக்கா வீட்டில் இதைத்தான் செய்தேன். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைத்தேன், என்ன செய்தேன் என்று சொல்லவில்லை. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இப்பதான்டா படம் மாதிரி இருக்கு" என்றார். திரையில் ஒரு பிக்சல்கூடக் குறையவில்லை, நிறமும் மாறவில்லை. மாறியது அசைவு மட்டும்தான்.

உங்கள் கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது. எச்டி, 4கே என்பதெல்லாம் ஒரு படத்தில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. ஃபிரேம் ரேட் என்பது ஒரு நொடிக்கு எத்தனை படங்கள் என்ற கணக்கு. முதலாவது இடத்தை நறுக்குகிறது, இரண்டாவது நேரத்தை நறுக்குகிறது. இரண்டும் ஒரே டிவிப் பெட்டிக்குள் சேர்ந்து வீட்டுக்கு வந்ததால் பலரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சினிமாவை சினிமாவாகக் காட்டுவதில் நேரத்துக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

நொடிக்கு 24 ஃபிரேம் என்ற எண் எங்கிருந்து வந்தது? மௌனப் பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். வேகம் நொடிக்கு 16 ஃபிரேமிலிருந்து 20க்கு மேல் வரை ஏறி இறங்கும். தியேட்டரில் ஓட்டுபவரும் தன் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைப்பார். 1920களின் இறுதியில் பேசும் படம் வந்ததும் அந்தச் சுதந்திரம் போய்விட்டது. நடை கொஞ்சம் வேகமாகத் தெரிந்தால் கண் பொறுத்துக்கொள்ளும். குரல் கீச்சென்று ஏறினால் காது பொறுக்காது. அதனால் எங்கும் ஒரே வேகம் வேண்டும் என்றாகிவிட்டது. அன்றைய தியேட்டர்களில் படங்கள் ஏற்கெனவே ஏறக்குறைய 24 என்ற வேகத்துக்கு வந்திருந்தன. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 24 என்றால் ஒன்றரை அடி, நிமிடத்துக்கு 90 அடி. கணக்குப் போடவும் வசதி, ஃபிலிம் செலவும் கட்டுக்குள் இருக்கும். இப்படித்தான் அந்த எண் நிலைத்தது. அழகு பார்த்து யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் அதன்பின் 80 ஆண்டுகளுக்கும் மேலாக நடிப்பு, ஒளியமைப்பு, எடிட்டிங், ஒப்பனை எல்லாமே அந்த எண்ணை ஒட்டித்தான் வளர்ந்தன.

நொடிக்கு 24 முறை மட்டும் வெளிச்சம் அடித்தால் திரை கண்ணைக் கூசவைக்கும்படி சிமிட்டும். அதற்காக புரொஜெக்டரின் ஷட்டர், அதாவது ஒளியை மறைத்தும் திறந்தும் சுழலும் தட்டு, ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு அல்லது மூன்று முறை காட்டும், அதாவது நொடிக்கு 48 அல்லது 72 முறை. ஃபிலிம் அடுத்த ஃபிரேமுக்கு நகரும்போது திரை இருண்டிருக்கும். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது: ஃபிலிமில் படம் பார்த்த காலத்தில் நாம் கிட்டத்தட்டப் பாதி நேரம் இருட்டில்தான் உட்கார்ந்திருந்தோம்.

கேமராவிலும் இதே கதைதான். ஷட்டர் தட்டின் முழு வட்டத்தில் வழக்கமாக 180 டிகிரி திறந்திருக்கும். அதாவது ஒரு ஃபிரேமுக்கான நேரத்தில் பாதி, நொடியில் 48இல் ஒரு பங்கு, ஒளி உள்ளே வரும். அந்த நேரத்துக்குள் ஒரு கை வீசினால் அது ஒரு கீற்றாகப் பதியும். மீதிப் பாதி நேரத்தில் நடப்பது எதுவுமே பதியாது. சோதித்துப் பார்க்க வேண்டுமானால் ஒரு சண்டைக் காட்சியை நடுவில் நிறுத்திப் பாருங்கள். முகம் தெளிவாக இருக்கும், குத்துகிற கை மட்டும் புகை மாதிரி நீண்டிருக்கும். அப்புறம் ஒரு விளையாட்டு ஒளிபரப்பை நிறுத்திப் பாருங்கள். பந்தைத் தொடும் கால் பெரும்பாலும் விளிம்போடு தெரியும். சினிமாவின் அசைவில் பாதி கீற்று, பாதி இடைவெளி. அந்த இடைவெளியைப் பார்ப்பவரின் மூளைதான் நிரப்புகிறது.

டிவி வேறு வழியில் வளர்ந்தது. மின்சாரத்தின் அதிர்வெண்ணை ஒட்டி, சில நாடுகளில் நொடிக்கு 50 முறை, சில நாடுகளில் கிட்டத்தட்ட 60 முறை திரை புதுப்பிக்கப்பட்டது. ஸ்டுடியோ வீடியோ கேமரா ஒவ்வொரு முறையும் ஒரு புதிய கணத்தைப் பதிவு செய்தது. ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் அடுத்த முறை என்று மாறி மாறி. வரிகள் பாதிதான் என்றாலும் அசைவு சினிமாவைவிட இரண்டு மடங்கு நெருக்கம். செய்தி, விளையாட்டு, நேரலை நிகழ்ச்சி, ஸ்டுடியோ செட்டில் மூன்று நான்கு கேமராவை வைத்து ஒரே நேரத்தில் எடுத்த தொடர்கள் எல்லாம் இப்படித்தான் வந்தன. எல்லாக் கேமராவுக்கும் முகம் தெரிய வேண்டும் என்பதால் விளக்கும் நிழலே விழாமல் தட்டையாக இருக்கும்.

பல பத்தாண்டுகளாக நம் கண் இதைப் பாடமாகவே படித்துவிட்டது. அசைவு வழுக்கிக்கொண்டு போனால் அது இப்போது, இங்கே நடப்பது. அசைவில் ஒரு சன்னமான தடக் தடக் இருந்தால் அது கதை. இன்று பல தொடர்கள் சினிமா போலவே 24, 25 ஃபிரேமில் எடுக்கப்பட்டாலும் அந்தப் பாடம் மறக்கவில்லை. அதனால் 'சீரியல் மாதிரி' என்று நீங்கள் சொன்னது ரசனைப் புலம்பல் ஒன்றும் இல்லை, சரியான நோய்க்கணிப்பு. இதற்கு 'சோப் ஓபரா எஃபெக்ட்', அதாவது சீரியல் விளைவு, என்றே பெயர் இருக்கிறது.

இப்போது உங்கள் டிவி என்ன செய்கிறது என்று பார்ப்போம். அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களை எடுத்துக்கொண்டு, எது எங்கிருந்து எங்கே போனது என்று ஊகித்து, நடுவில் இருந்திருக்கக்கூடிய ஃபிரேம்களைத் தானே தயாரித்துச் சொருகுகிறது. யாரும் எடுக்காத படங்கள் அவை. ஒரு ஆள் கம்பி வேலிக்குப் பின்னால் ஓடுகிற காட்சியைப் போட்டுப் பாருங்கள். அவர் தோளைச் சுற்றி ஒரு நீர்வளையம் போல பின்னணி நெளியும். கம்பி சில கணங்கள் அறுந்து ஒட்டும். எது முன்னால், எது பின்னால் என்று டிவிக்குத் தெரியாததால் வருவது அது. இதைவிட முக்கியமான கோளாறு ஒன்று உண்டு. மூல ஃபிரேமில் பதிந்த கீற்று அப்படியே இருக்கிறது, ஆனால் அது நகரும் வழி மட்டும் வழுவழுப்பாகிவிட்டது. 24க்கான மங்கலும் 60க்கான நகர்வும் ஒரே உருவத்தில் சேரும்போது, நடிகர் தரையைத் தொடாமல் மிதப்பது போல ஒரு தோற்றம் வருகிறது. ஆக இது உண்மையான ஹை ஃபிரேம் ரேட்டும் இல்லை, பழைய சினிமாவும் இல்லை.

டிவி செய்பவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது சரியாக இருக்காது. தியேட்டர் திரையின் வெளிச்சத்துக்கான அளவுகோல் சுமார் 48 நிட் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அலகு). வெளிச்ச வேறுபாட்டை அதிகமாகக் காட்டும் நல்ல எச்டிஆர் டிவி பளிச்சிடும் இடங்களில் 1000 நிட்டைத் தாண்டும். வெளிச்சம் ஏற ஏற, துண்டு துண்டான அசைவு கண்ணுக்கு அதிகமாக உறைக்கும். போதாததற்கு, இன்றைய டிவித் திரை வகைகளான எல்சிடியும் ஓலெடும் ஃபிலிம் புரொஜெக்டர் போல நடுவில் இருட்டாவதில்லை. ஒரு ஃபிரேமை அதன் முழு நேரத்துக்கும் அசையாமல் பிடித்து வைத்திருந்து, சட்டென்று அடுத்ததுக்குத் தாவும். ஓடுபவரைத் தொடரும் உங்கள் கண் நிற்காமல் நகர்கிறது, திரையில் அவர் நின்று நின்று தாவுகிறார். ஓலெட் புள்ளிகள் கண நேரத்தில் மாறுபவை என்பதால் இந்தத் தாவல் அதில் இன்னும் கூர்மையாகத் தெரியும். இருட்டறையில் 48 நிட்டுக்காகச் செய்த 24 ஃபிரேமை, விளக்கெரியும் அறையில் அதைவிடப் பலமடங்கு வெளிச்சத்தில் காட்டினால் அது திக்கத்தான் செய்யும். அந்தத் திக்கலை ஆற்றப் பார்க்கிறார்கள். மருந்து நோயைவிட மோசமாகிவிட்டது என்பதுதான் வருத்தம்.

2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்வாரியும் இதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டு ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். 2019இல் டிவி நிறுவனங்களும் ஸ்டுடியோக்களும் சேர்ந்த யூஎச்டி அலையன்ஸ் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்ற ஏற்பாட்டை அறிவித்தது. உங்கள் டிவியில் அது இருந்தால் ஒரே பொத்தானில் இந்த வேலை முடிந்துவிடும்.

சரி, டிவி போலியாகச் செய்வதை விடுங்கள். உண்மையாகவே அதிக ஃபிரேமில் எடுத்தால்? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள், நாம் நினைப்பதைவிட வெகு காலத்துக்கு முன்பே. 1955இல் வந்த 'ஓக்லஹோமா!' படம் டாட்-ஏஓ முறையில், அகலமான ஃபிலிமில், நொடிக்கு 30 ஃபிரேமில் எடுக்கப்பட்டது. எல்லாத் தியேட்டரிலும் அந்தக் கருவி இல்லாததால் அதே படத்தை 24 ஃபிரேமிலும் தனியாக எடுக்க வேண்டியிருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த முயற்சி டக்ளஸ் டிரம்புல் என்பவருடையது. ஸ்பெஷல் எஃபெக்ட்ஸில் பெரிய ஆள். 70 மில்லிமீட்டர் ஃபிலிமில் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் 'ஷோஸ்கேன்' என்ற முறையை உருவாக்கினார். 1983இல் வெளியான தன் 'பிரெயின்ஸ்டார்ம்' படத்துக்கு அவர் போட்ட திட்டத்தைக் கேளுங்கள். ஒருவரின் அனுபவத்தை அப்படியே பதிவு செய்து இன்னொருவரின் மூளைக்குள் ஓட்டும் இயந்திரம் பற்றிய கதை அது. சாதாரணக் காட்சிகள் வழக்கமான 24இல், அந்த இயந்திரத்தின் வழியே பார்க்கும் காட்சிகள் மட்டும் 60இல் என்று யோசித்திருந்தார். கதைக்குள்ளேயே வேகத்துக்கு ஓர் அர்த்தம்! கடைசியில் செலவும் தியேட்டர்களின் நிலையும் இடம் கொடுக்கவில்லை. திரையின் அகலத்தை மாற்றியே அந்த வேறுபாட்டைக் காட்ட வேண்டியதாயிற்று. ஃபிரேம் ரேட்டை என்ன செய்வது என்ற கேள்விக்கு அதைவிட நல்ல பதிலை இன்றுவரை நான் கேட்டதில்லை.

அதன்பின் 2012இல் இயக்குநர் பீட்டர் ஜாக்சன் 'தி ஹாபிட்' முதல் பாகத்தை 3டியில், 48 ஃபிரேமில் கொண்டுவந்தார். காரணம் வலுவானதுதான். 3டியில் கேமரா பக்கவாட்டில் நகரும்போது 24 ஃபிரேம் ரொம்பவே வெட்டும். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் என்பதால் தலை வலிக்கும். 48இல் அது போய்விடுகிறது. எல்லாத் தியேட்டரும் 48க்குத் தயாராக இல்லை. ஒன்று விட்டு ஒரு ஃபிரேமை எடுத்தால் 24 கிடைக்கும், ஆனால் கீற்று குறைந்து வெட்டலாகத் தெரியக்கூடாதே. அதற்காக ஷட்டரை 270 டிகிரிக்குத் திறந்து, நொடியில் 64இல் ஒரு பங்கு நேரம் ஒளியை விட்டார்கள். 24க்கும் 48க்கும் நடுவில் ஒரு சமரசம் அது. அதே ஆண்டு ஏப்ரலில் லாஸ் வேகாஸில் தியேட்டர்காரர்களுக்காக சுமார் பத்து நிமிடம் போட்டுக் காட்டினார்கள். வந்த எதிர்வினையில் பாதி நீங்கள் சொன்ன அதே வார்த்தைகள்: செட் செட்டாகத் தெரிகிறது, டிவி மாதிரி இருக்கிறது. நடப்பவர்கள் வேகமாக நடப்பது போலிருக்கிறது என்றும் பலர் சொன்னார்கள். படம் சரியான வேகத்தில்தான் ஓடியது. ஒரே நேரத்துக்குள் இரண்டு மடங்கு தகவல் வந்ததால் கண்ணுக்கு அப்படித் தோன்றியது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். செட் ஏன் செட்டாகத் தெரிகிறது? பாறை என்று சொல்லி வைத்திருப்பது பெயின்ட் அடித்த ஃபோம். நடிகர் அதன் மேல் கை வைக்கிறார். உண்மையான பாறை அசையாது. ஃபோம் இம்மியளவு உள்வாங்கி, கையை எடுத்ததும் மீண்டு வரும். 24இல் அந்த மீள்வு கீற்றுக்குள்ளும் இடைவெளிக்குள்ளும் மறைந்துபோகும். 48இல் அது நான்கைந்து ஃபிரேமாகப் பதிந்துவிடும். பார்ப்பவர் அதைப் பார்த்ததாகக்கூடச் சொல்லமாட்டார், 'ஏதோ போலியா இருக்கு' என்று மட்டும் சொல்வார். இரும்பு வாளுக்குப் பதில் இலேசான வாள் வீசும்போது மணிக்கட்டு திரும்பும் விதம், ஒட்டுத்தாடி கன்னத்தோடு சேர்ந்து அசையாமல் அரைக்கணம் பிந்துவது எல்லாம் அப்படித்தான். பொருளின் எடையும் மென்மையும் அசைவில்தான் வெளியே வருகின்றன. அசைவைத் துல்லியமாகக் காட்டினால் பொய்யான எடையும் துல்லியமாகத் தெரியும்.

நடிப்பும் அதேபோலத்தான். வசனம் பேசுமுன் நடிகர் எடுக்கும் மூச்சு, தரையில் குறித்து வைத்த இடத்தில் போய் நிற்பதற்கான சின்னத் தயக்கம், கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர் இயக்குநரின் சைகைக்காகக் காத்திருக்கும் கண் எல்லாம் வெளியே வந்துவிடும்.

இந்த வழியில் உச்சிவரை போனவர் இயக்குநர் ஆங் லீ. 2016இல் 'பில்லி லின்ஸ் லாங் ஹாஃப்டைம் வாக்' படத்தை 3டியில், 4கேயில், நொடிக்கு 120 ஃபிரேமில் எடுத்தார். அந்த முழு அளவில் போட்டுக் காட்ட உலகத்திலேயே ஐந்து தியேட்டர்களில்தான் வசதி இருந்தது. 120 என்ற எண்ணிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. 24ஆலும் 30ஆலும் 60ஆலும் மீதியில்லாமல் வகுபடும், எந்தப் பதிப்பும் அதிலிருந்து எடுக்கலாம். நடிகர்களுக்கு வழக்கமான ஒப்பனையே கிட்டத்தட்டப் போடவில்லை. அரிதாரம் என்பது முகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ஓர் அடுக்கு; அந்த வேகத்தில், அந்தத் துல்லியத்தில் அது தோலோடு சேராமல் தனி அடுக்காகவே தெரியும். 2019இல் 'ஜெமினி மேன்' படத்தையும் அவர் இப்படியே எடுத்தார். படங்கள் பெரிதாக ஓடவில்லை. ஆனால் மிக நெருக்கமான குளோசப்களில் அந்த முயற்சி ஒன்றைக் காட்டிவிட்டது. அழுகை வருமுன் கண்ணில் நீர் திரளும் வேகம், கன்னத்தின் ரத்த ஓட்டம் எல்லாம் தெரிகிற அந்த முகம், எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் முகம் போலவே இருக்கிறது. கேமரா பின்னால் போய் அறை முழுவதும் தெரியும்போதுதான் அந்த மாயம் உடைகிறது.

2022இல் ஜேம்ஸ் கேமரூன் 'அவதார்' இரண்டாம் பாகத்தில் இரண்டையும் கலந்தார். நீருக்கடியிலும் பறக்கும் காட்சிகளிலும் 48. உட்கார்ந்து பேசும் காட்சிகளில் 24, ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு முறை காட்டி. டிரம்புல் 40 ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே கேள்விக்கு இப்போதுதான் பெரிய அளவில் ஒருவர் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார். நீருக்கடியில் 48 எனக்கு முழுக்கப் பிடித்தது. நீருக்குள் எல்லாம் மெதுவாக, எடையில்லாமல்தான் அசையும். அந்த மிதப்புக்கு வழுவழுப்பு பொருந்திவிடுகிறது. ஆனால் ஒரே காட்சிக்குள் ஒரு ஷாட் 48, அடுத்த ஷாட் 24 என்று மாறும் இடங்களில், படிக்கட்டில் ஒரு படி குறைந்தது போல கண் தடுக்குகிறது. காட்சி முழுவதும் ஒரே வேகம் என்று வைத்திருக்கலாம்.

இவ்வளவு நேரம் அசைவைப் பற்றியே பேசிவிட்டேன். எச்டிக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு. பழைய டிவித் தரத்தில் ஒரு படத்துக்குச் சுமார் 4.15 லட்சம் புள்ளிகள், முழு எச்டியில் 20.7 லட்சம், 4கேயில் 83 லட்சம். இந்தத் தாவலில் முதலில் மாட்டிக்கொள்வது விக். நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் மெல்லிய வலைத்துணி ஒட்டியிருப்பார்கள். பழைய டிவியில் அது தெரியவே தெரியாது. 4கேயில் வலையின் விளிம்பு தோலில் ஒரு கோடாகவே தெரியும். பலகையை இணைத்த இடுக்கு, மரம் போல வரைந்த பெயின்ட், முகத்துக்கும் கழுத்துக்கும் நிறம் மாறும் எல்லை எல்லாம் அந்த வரிசையில் அடுத்தடுத்து வரும்.

ஆனால் பழைய படங்களைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். 35 மில்லிமீட்டர் நெகட்டிவில் எச்டியைவிட அதிக விவரம் எப்போதுமே இருந்தது. தியேட்டரில் ஓடிய பிரிண்ட் அந்த நெகட்டிவிலிருந்து நேரடியாக எடுத்தது இல்லை. ஒரு பாசிட்டிவ், அதிலிருந்து இன்னொரு நெகட்டிவ், அதிலிருந்து பிரிண்ட் என்று பல கை மாறித்தான் வரும். ஒவ்வொரு கைக்கும் கூர்மை கொஞ்சம் போகும். ஒளிப்பதிவாளரும் கலை இயக்குநரும் ஒப்பனைக் கலைஞரும் இந்த இழப்பைக் கணக்கில் வைத்தேதான் வேலை செய்தார்கள். பறக்கும் ஆளைத் தூக்கிப் பிடிக்கும் கம்பி பிரிண்டில் மறைந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். இன்று அசல் நெகட்டிவையே 4கேயில் ஸ்கேன் செய்யும்போது, அந்தக் காலத்துப் பார்வையாளர் யாருமே பார்த்திராத கம்பியை நாம் பார்க்கிறோம். அதை 'படத்தின் உண்மையான தோற்றம்' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் வெளியீட்டில் திரையில் எப்படித் தெரிந்ததோ அதை மனதில் வைத்துத்தான் மீட்டெடுக்க வேண்டும்.

ஃபிலிமில் படத்தைப் பதியவைக்கும் நுண்ணிய துகள்களுக்கும் இதே கதிதான். அவை ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் அசையாத சுவர்கூட மெல்ல உயிரோடிருப்பது போலத் தோன்றும். அதை அழுக்கு என்று நினைத்து மென்பொருளால் வழித்தெடுத்துவிட்டு வெளியிட்ட பழைய படங்கள் உண்டு. முகமெல்லாம் மெழுகு பொம்மை போலிருக்கும். ஸ்ட்ரீமிங்கிலும் துகள்கள்தான் பெரிய சுமை, மாறிக்கொண்டே இருப்பதை எளிதில் சுருக்க முடியாது. வீடியோவைச் சுருக்கும் ஏவி1 என்ற புது முறையில் துகளை முதலில் நீக்கிவிட்டு, அதன் குணத்தை மட்டும் குறிப்பாக அனுப்பி, உங்கள் டிவியில் மறுபடி தூவிவிடும் வசதி இருக்கிறது. துகளின் அருமை தெரிந்த யாரோதான் அதைச் செய்திருக்க வேண்டும்.

டிஜிட்டல் கேமரா சினிமாவுக்குள் வந்த கதையிலும் ஒரு செய்தி இருக்கிறது. 2002இல் ஜார்ஜ் லூகாஸ் 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் ஒரு முழுப் படத்தை சோனியின் எச்டி கேமராவில் எடுத்தார். அந்தக் கேமராவை சினிமாக்காரர்கள் ஏற்றுக்கொண்டதற்கு 1080 வரிகளைவிட முக்கியமான காரணம், அது டிவி போல வரியை மாற்றி மாற்றி எடுக்காமல் நொடிக்கு 24 முழு ஃபிரேம்களை எடுத்தது என்பதுதான். அதற்காக 24 இருந்தாலே போதும் என்றும் இல்லை. மைக்கேல் மேன் 2009இல் 'பப்ளிக் எனிமீஸ்' என்ற 1930களின் கதையை 24 ஃபிரேமில்தான் எடுத்தார், ஆனாலும் பல இடங்களில் வீடியோ போலவே தெரியும். கேமராவில் ஒளியைப் பதியும் சென்சார் சிறியது என்பதால் முன்னும் பின்னும் எல்லாம் கூர்மையாகத் தெரியும். துகளும் இல்லை, இரவுக் காட்சிகளில் கீற்றும் நீளம். ஃபிரேம் ரேட், ஷட்டர், ஃபோகஸின் ஆழம், துகள் எல்லாம் சேர்ந்துதான் சினிமாவின் தோற்றம்.

ஷட்டரை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 1998இல் வந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தின் கடற்கரைப் போர்க் காட்சியைப் பாருங்கள். 180க்குப் பதில் 90, 45 டிகிரி. கீற்று குறைந்து ஒவ்வொரு ஃபிரேமும் கத்தி போலிருக்கும், தெறிக்கும் மண் கட்டியைத் தனித்தனியாக எண்ணலாம். வேகம் அதே 24. நெஞ்சு படபடக்கும். கார்ட்டூனில் இன்னும் விரிவாக விளையாடலாம். பெரும்பாலும் ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு வைத்து நொடிக்கு 12 ஓவியங்களே வரைவார்கள். 2018இன் 'ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தில் புதிதாகக் கற்றுக்கொள்ளும் பையன் 12இலும், அனுபவசாலி 24இலுமாக ஒரே காட்சியில் தாவுகிறார்கள். பையனின் தடுமாற்றம் வேகத்திலேயே இருக்கிறது. இதை டிவி ஊகித்து நிரப்பினால் அந்தத் தடுமாற்றமே போய்விடும். கார்ட்டூன் பார்க்கும்போது அந்த செட்டிங்கைக் கட்டாயம் அணையுங்கள்.

பொறியாளர்கள் பக்கத்து வாதம் ஒன்றுக்கு நான் தலைவணங்குகிறேன். ஒளிப்பதிவாளர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: 24 ஃபிரேமில் கேமராவைப் பக்கவாட்டில் திருப்பினால், ஒரு பொருள் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக ஏழு நொடியாவது ஆக வேண்டும், இல்லாவிட்டால் வெட்டும். அந்த மெதுவான வேகத்திலேயே கணக்குப் போடுங்கள். 4கே அகலம் 3840 பிக்சல். ஏழால் வகுத்தால் நொடிக்குச் சுமார் 550. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஒரு புள்ளி ஏறக்குறைய 11 பிக்சல் தூரம் இழுபடும். அதாவது கேமரா நகர்ந்த கணமே 4கே போய்விடுகிறது. பழைய டிவித் தரத்தைவிடவும் கீழே இறங்கிவிடுகிறோம். அசைவிலும் துல்லியம் வேண்டுமானால் ஃபிரேம் ரேட்டையும் உயர்த்தித்தான் ஆக வேண்டும். 4கே, 8கே ஒளிபரப்புக்காக 2012இல் வகுத்த சர்வதேசத் தரம் 120 ஃபிரேம் வரை இடம் வைத்திருப்பது அதனால்தான். விளையாட்டுக்கும் இயற்கை ஆவணப் படத்துக்கும் அது வரட்டும், நான் முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பேன். அங்கே நமக்கு வேண்டியது நடந்தது என்ன என்பது. கதைப் படத்தில் ஒவ்வொரு கணமும் துல்லியமாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேமரா நகரும்போது பின்னணி மங்கினால், ஓடுபவரின் முகத்தை மட்டும் பார் என்று ஒளிப்பதிவாளர் சொல்கிறார் என்று அர்த்தம்.

பழகினால் சரியாகிவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பழகும். 60 ஃபிரேம் வீடியோ கேமில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வழுவழுப்பான அசைவு என்றாலே மலிவு என்ற எண்ணம் நம் அளவுக்கு இருக்காது. ஆனால் ஃபோம் பாறை பழக்கத்தால் உண்மைப் பாறை ஆகாது. 48க்கும் 120க்கும் ஏற்ற செட், ஒப்பனை, நடிப்பு, வெளிச்சம் எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். வெளிச்சமும் சும்மா வராது: அதே ஷட்டர் கோணத்தில் 48க்கு இரண்டு மடங்கும் 120க்கு ஐந்து மடங்கும் ஒளி வேண்டும். அந்த வேலையைச் செய்து, இந்தக் காட்சிக்கு இந்த வேகம் என்று இயக்குநரே தீர்மானித்தால் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. டிவி அதைத் தீர்மானிக்கக்கூடாது, அவ்வளவுதான்.

உங்களுக்கு என் யோசனை: படத்துக்கு அசைவு செட்டிங்கை முழுதாக அணையுங்கள். அணைத்தபின் திக்கல் கண்ணை உறுத்தினால் முதலில் வெளிச்சத்தைக் குறைத்து அறை விளக்கையும் அணைத்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அந்த செட்டிங்கை மிகக் குறைந்த அளவில், ஒன்றிலோ இரண்டிலோ வையுங்கள். விளையாட்டுக்கு உங்கள் இஷ்டம். உட்காரும் தூரமும் பாருங்கள்: 55 அங்குல டிவியில் ஏழு அடிக்கு அப்பால் போனால் எச்டிக்கும் 4கேக்குமான வித்தியாசம் சாதாரணக் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. ஆனால் அசைவில் உள்ள வித்தியாசம் அறையின் மறுகோடியில் நின்றாலும் தெரியும்.

உண்மையான ஹை ஃபிரேம் ரேட்டைப் பார்க்க ஆசை இருந்தால், நான் சொன்ன ஆங் லீ படங்கள் இரண்டும் 4கே டிஸ்கில் 60 ஃபிரேமில் வந்திருக்கின்றன. 'பில்லி லின்' பெட்டிக்குள் 24 ஃபிரேமில் ஓடும் சாதாரண ப்ளூ-ரேயும் இருக்கும். ஒரே காட்சியை இரண்டிலும் போட்டுப் பாருங்கள். முதலில் கதாநாயகனின் குளோசப். அப்புறம் பெரிய கூட்டம் தெரியும் ஏதாவது ஒரு ஷாட்டில், நடுவில் இருப்பவரை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கும் ஒருவரைக் கவனியுங்கள்.